கழுத்தில் இருப்பது அழுக்கல்ல

அண்ணன் மகள் வீட்டுக்கு வந்தால் வாசல் திண்ணையை விட்டு உள்ளே வரமாட்டாள். அன்றைக்கு மட்டும் கூடத்தின் இருண்ட மூலையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. மே மாதத்துத் திருநெல்வேலி வெயிலில் பத்தொன்பது வயதுப் பெண் கழுத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், முப்பது வருடமாகத் தோல் மருத்துவம் பார்க்கிறவளுக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மதினிதான் பேச்சை எடுத்தார். "நீயே கேளு. ரெண்டு மாசமாப் பீர்க்கங்காய் நாரை வச்சுத் தேய்க்கா. கடலைமாவு, எலுமிச்சம்பழம், தயிரு, ஒண்ணும் பாக்கி இல்ல. கழுத்து புண்ணாப் போனதுதான் மிச்சம். கருப்பு போகல."

மெதுவாகக் கேட்கக் கேட்க மற்றதெல்லாம் வந்தது. தாடையோரமாகப் பருக்கள், தொட்டால் வலிக்கிற மாதிரி. அதற்கு மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய ஒரு க்ரீம். மோவாயிலும் மேலுதட்டிலும் முடி. அதற்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்லரில் த்ரெட்டிங். மாதவிலக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளித் தள்ளி வருகிறது. அதற்கு ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, "நீர்க்கட்டி இருக்கு, கல்யாணம் ஆனா சரியாப் போயிரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

நாலு தொந்தரவுக்கு நாலு வழி பார்த்திருக்கிறாள் பிள்ளை. நாலும் ஒரே தொந்தரவு என்று ஒருவரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கல்யாணப் பேச்சைக் கேட்டால் இன்றைக்கும் வருகிறது. ஒரு பெண்ணின் உடம்பில் ஓடுகிற இரசாயனத்துக்குத் தாலிக்கயிறு எப்படி மருந்தாகும்?

"டீயைக் குடி. இந்த டீயிலிருந்தே சொல்லுதேன்" என்றேன்.

டீயில் போட்ட சர்க்கரை, கூடவே தின்ற ரஸ்க், மத்தியானம் சாப்பிட்ட சோறு எல்லாம் குடலில் உடைந்து குளுக்கோஸாக இரத்தத்துக்கு வந்துசேரும். வந்ததும் கணையம் இன்சுலினை விடும். சதைக்குப் போய் "எடுத்துக்கொள்" என்பதும், கல்லீரலிடம் "உன் கையிருப்பை வெளியே விடாதே" என்பதும், கொழுப்பிடம் "சேர்த்து வை" என்பதும் இன்சுலினுக்கு உள்ள வேலை. சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற குளுக்கோஸில் ஒரு பெரும் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது சதைதான். சிலருக்கு அந்தச் சதையும் கல்லீரலும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. ஒரு தடவை சொன்னால் போதாது, ஐந்து தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம்.

கணையம் இளசாக இருக்கும்வரை சலிக்காமல் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும். அதனால் இரத்தத்தில் சர்க்கரை அளவு வருடக்கணக்கில் சரியாகவே இருக்கும். "சுகர் பார்த்தோம், நார்மல்" என்று மதினி சொன்னதும் உண்மைதான். ஆனால் அந்த நார்மலை அப்படியே நிறுத்திவைக்க உள்ளே எவ்வளவு இன்சுலின் செலவாகிறது என்பதைச் சர்க்கரைப் பரிசோதனை காட்டாது.

"சரி அத்தை, சர்க்கரைதான் சரியா இருக்கே. இன்சுலின் கூடினா முகத்துல எதுக்கு முடி வளரணும்?"

சரியான கேள்வி. இதற்குப் பதில் கிடைக்க மருத்துவ உலகத்துக்கே அறுபது வருடம் ஆனது.

எங்கள் ஊர்க் கோயில் கொடையை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். தெருக் கடைசியில் காது மந்தமான தாத்தா ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கேட்கவேண்டுமென்று மைக்செட்காரர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். தாத்தாவுக்கு ஒருவழியாகக் கேட்டுவிடுகிறது. ஆனால் குழாய்க்குக் கீழேயே இருக்கிற வீட்டுக்காரருக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது. அவர் கதி என்ன? இன்சுலின் எதிர்ப்பில் சதைதான் அந்தத் தாத்தா. சினைப்பை, குழாய்க்குக் கீழ் வீடு. சர்க்கரை விஷயத்தில் சதை இன்சுலினைக் கேட்காமல் போனாலும், ஹார்மோன் செய்யும் வேலையில் சினைப்பையின் காது கெடுவதில்லை. சதைக்காகக் கூட்டிய சத்தம் முழுவதும் அதன்மேல் விழுகிறது.

சினைப்பை அந்தச் சத்தத்தில் என்ன செய்யும்? எல்லாப் பெண்களின் சினைப்பையிலும் ஆண்ட்ரஜன் என்று சொல்லும் ஆண் ஹார்மோன் கொஞ்சம் உண்டாகும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரஜனே அந்த ஆண்ட்ரஜனிலிருந்துதான் செய்யப்படுகிறது. ஆக அது வேண்டாத சரக்கு அல்ல, கச்சாப்பொருள். மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை அனுப்பி அந்த உற்பத்தியை நடத்துகிறது. இன்சுலின் அதிகமாகப் போய்ச் சேர்ந்தால் எல்.எச்.சோடு கைகோத்து உற்பத்தியைத் தூக்கிவிடுகிறது. தேவைக்கு மேல் ஆண்ட்ரஜன். அந்தச் சூழலில் கருமுட்டைப் பைகள் பாதி வளர்ந்து, வெடிக்காமல் அப்படியே நின்றுவிடும். முட்டை வெளிவராத மாதம் விலக்கும் ஒழுங்காக வராது.

இதோடு போனால்கூடப் பரவாயில்லை. கல்லீரல் ஒரு புரதம் செய்கிறது. அதன் பெயர் எஸ்.எச்.பி.ஜி. டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டிவைப்பது அதன் வேலை. கட்டுத்தறியில் கிடக்கிற மாடு வயலில் இறங்காது, அவிழ்ந்த மாடுதான் மேயும். டெஸ்டோஸ்டிரோனும் அப்படித்தான். இரத்தத்தில் பெரும்பகுதி கட்டுண்டு கிடக்கும், கட்டில்லாத கொஞ்சம்தான் போய் வேலை செய்யும். இன்சுலின் ஏறும்போது கல்லீரல் இந்தக் கட்டுத்தறிகளைக் குறைத்துவிடுகிறது. மாட்டின் எண்ணிக்கை கொஞ்சம் கூடினாலே போதும், தறி குறைந்ததால் அவிழ்ந்து திரிகிறவை மிகவும் கூடிவிடும். ஆய்வக ரிப்போர்ட்டில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் கிட்டத்தட்டச் சரியாக இருந்தும் முகத்தில் முடி வளர்கிற பெண்களைப் பார்க்கிறோமே, காரணம் பலருக்கும் இதுதான்.

அவிழ்ந்த டெஸ்டோஸ்டிரோன் தோலுக்கு வருகிறது. முடிவேரிலும் எண்ணெய்ச் சுரப்பியிலும் ஒரு நொதி உட்கார்ந்திருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி. என்கிற, அதைவிட வீரியமான பொருளாக மாற்றுகிறது. மோவாய், மேலுதடு, நெஞ்சு, அடிவயிறு போன்ற இடங்களில் பெண்களுக்கு இருப்பது பூனைமுடி: மெல்லிசு, நிறமில்லாதது. ஆண்ட்ரஜன் பட்டால் அதே வேர் தடித்த கருத்த முடியைத் தள்ள ஆரம்பிக்கும். உச்சந்தலையில் இதற்கு நேர்மாறு. அங்கே முடி மெலிந்து வகிடு அகலமாகும். ஒரே ஹார்மோன், இடத்துக்கு இடம் வேறு புத்தி.

எண்ணெய்ச் சுரப்பிக்கும் ஆண்ட்ரஜன்தான் எஜமான். அது பெருத்து எண்ணெயைக் கொட்டும். துவாரத்தின் வாயில் உதிரவேண்டிய தோல்செல்கள் ஒட்டிக்கொண்டு அடைக்கும். உள்ளே வாழும் பாக்டீரியா பெருகும், வீக்கம் வரும். அதுதான் பரு. இன்சுலினும், அதன் உறவுக்காரரான ஐ.ஜி.எஃப்-1 என்ற ஹார்மோனும் இந்தச் சுரப்பியை நேரடியாகவும் உசுப்பிவிடும்.

கழுத்துக் கதை இன்னும் நேரானது. அங்கே ஆண்ட்ரஜன்கூட வேண்டாம். இன்சுலின் மிக அதிகமாக இருக்கும்போது, தோல்செல்களில் ஐ.ஜி.எஃப்-1க்காக இருக்கும் ஏற்பிகளிலும் போய் ஒட்டிக்கொண்டு அவற்றைப் பெருகச் சொல்கிறது. கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு இங்கெல்லாம் தோல் தடித்து, வெல்வெட் துணி மாதிரி ஆகி, கருத்துப் போகும். கூடவே சின்னச் சின்ன மருக்கள் தொங்கும். அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்பது அதன் மருத்துவப் பெயர். அழுக்கு மேலே இருந்தால் தேய்த்தால் போகும். இது தோலே தடித்து நிற்பது. தேய்க்கத் தேய்க்க அந்த உராய்வுக்கே இன்னும் தடிக்கும், இன்னும் கருக்கும்.

"அப்போ நான் குளிக்கதுல கோளாறு இல்லையா?" என்று கேட்டாள். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஹாஸ்டலில் ஒருத்தி ஏதோ சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை கழுத்தை உரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். துப்பட்டாவை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். இருபுறமும் சிராய்ப்பு.

அறுபது வருடக் கதையையும் அவளுக்குச் சொன்னேன். 1921-இல் பாரிஸில் அஷார், தியேர் என்று இரண்டு மருத்துவர்கள் 'தாடியுள்ள பெண்களின் நீரிழிவு' என்று பெயரிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சர்க்கரையும் தாடியும் ஒரே உடம்பில் சேர்ந்து வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அதே 1921 கோடையில்தான் கடலுக்கு அந்தப் பக்கம் டொரோன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்க் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரிக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். கேள்வி ஒரு கரையில், விடை மறு கரையில். இரண்டும் சந்திக்கவில்லை. 1935-இல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் இருவரும் விலக்கு நின்று, சினைப்பை பெருத்திருந்த ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். சினைப்பையில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் விலக்கு திரும்ப வந்தது. அத்தோடு எல்லார் கண்ணும் சினைப்பையிலேயே நின்றுவிட்டது.

இரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு இருக்கிறது என்று துல்லியமாக அளக்கவே அப்போது வழி கிடையாது. நியூயார்க்கில் ரோசலின் யாலோ என்ற பெண் விஞ்ஞானி தன் சகா பெர்சனோடு சேர்ந்து 1950-களின் கடைசியில்தான் அந்த வழியைக் கண்டார். அதற்காக 1977-இல் நோபல் பரிசு பெற்றார். அளக்க முடிந்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. 1976-இல் ரொனால்ட் கானும் அவர் குழுவினரும், கழுத்து கருத்து, இன்சுலின் எதிர்ப்பு மிகக் கடுமையாக இருந்த நோயாளிகளை விவரித்தார்கள். அதில் ஒரு வகையினர் ஆண்ட்ரஜன் மிகுந்த இளம்பெண்கள். 1980-இல் மெம்பிஸில் பர்கன், கிவன்ஸ், கிடாப்சி மூவரும் இந்தச் சினைப்பைக் கோளாறு உள்ள பெண்களுக்கு இன்சுலினும் ஆண்ட்ரஜனும் சேர்ந்தே ஏறியிருப்பதைக் காட்டினார்கள்.

சேர்ந்து ஏறினால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடுமா? நானும் படிக்கிற காலத்தில் இதையே யோசித்திருக்கிறேன். ஜான் நெஸ்லர் என்ற அமெரிக்க மருத்துவர் 1980-களின் இறுதியில் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. டையசாக்சைடு என்று ஒரு மருந்து, கணையத்திலிருந்து இன்சுலின் வருவதைக் குறைக்கும். அதைச் சில நாள் கொடுத்தார். இன்சுலின் இறங்கியது, அதனால் சர்க்கரை ஏறியது, ஆனால் டெஸ்டோஸ்டிரோன் இறங்கியது. கட்டுத்தறிப் புரதம் கூடியது. ஆக, சினைப்பையைத் தூண்டியது சர்க்கரை அல்ல, இன்சுலின். பிறகு 1996-இல் அவரும் டேனியலா ஜாகுபோவிச்சும் மெட்ஃபார்மினால் இன்சுலினை இறக்கினார்கள். அப்போதும் டெஸ்டோஸ்டிரோன் கூடவே இறங்கியது.

சினைப்பையே இல்லாத ஆண்களிடமும் ஒரு தடயம் இருக்கிறது. மெல்போர்னில் ராபின் ஸ்மித் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு. பரு உள்ள 15 முதல் 25 வயது ஆண்கள் 43 பேரை எடுத்து, ஒரு பாதியினருக்கு இரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றுகிற சாப்பாட்டை 12 வாரம் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது, இன்சுலினும் நன்றாக வேலை செய்தது. எடையும் இறங்கியிருந்தது என்பதால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பருவுக்கும் தட்டில் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று நாங்கள் கல்லூரியில் படித்த பாடத்தை இந்த மாதிரி ஆய்வுகள்தான் திருத்தின.

மதினிக்கு வேறொரு சந்தேகம். "குண்டா இருக்கவங்களுக்குத்தான் இது வரும்னு சொல்லுவாங்க. இவ ஒல்லிக்குச்சி."

இந்த இடத்தில் நம் ஊர் உடம்பைப் பற்றிப் பேசாமல் முடியாது. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற மருத்துவர் இருக்கிறார். 2004-இல் 'லான்செட்' இதழில் தன்னையும் லண்டன் நண்பர் ஜான் யட்கினையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் போட்டார். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. பார்ப்பதற்கும் ஒல்லிதான். உள்ளே அளந்தால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். சதை குறைவு, கொழுப்பு நிறைவு. அதுவும் வயிற்றுக்குள். இதனால்தான் நமக்கு எடை வரம்பையே இறக்கி வைத்திருக்கிறார்கள்: பி.எம்.ஐ. 23 தாண்டினால் அதிக எடை. பெண்ணுக்கு இடுப்பளவு 80 சென்டிமீட்டர் தாண்டினாலே கவனிக்க வேண்டும். அதோடு, இந்தக் கோளாறு உள்ள பெண்களை அதே எடையுள்ள மற்ற பெண்களோடு ஒப்பிட்டு, எடையைத் தாண்டியும் இன்சுலின் எதிர்ப்பு இருப்பதை ஆண்ட்ரியா டுனைஃப் 1989-இலேயே காட்டிவிட்டார். "நீ சாப்பிட்டுச் சாப்பிட்டு இழுத்துக்கொண்டது" என்று ஒரு பெண்ணையும் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இப்போது அந்த ஸ்கேன் காகிதம். 'கருப்பை நீர்க்கட்டி' என்று தமிழில் புழங்குகிற பேர், பாதிப் பெண்களின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. முதலில், கருப்பைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது சினைப்பையில். இரண்டாவது, அது கட்டியே இல்லை. நான் சொன்னேனே, பாதியில் நின்ற முட்டைப் பைகள், அவைதான். ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர், ஓரமாக மணி கோத்ததுபோல் தெரியும். வெட்டி எடுக்க வேண்டிய கட்டி, வெடித்துவிடும் கட்டி, புற்றாக மாறும் கட்டி என்றெல்லாம் பயந்துகொண்டு வருகிறவர்களைத் தேற்றுவதிலேயே என் பாதி மாலைகள் போயிருக்கின்றன. இன்னொன்று: பெரியவளாகி எட்டு வருடம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து இந்த நோயைத் தீர்மானிக்கக் கூடாது என்று சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. அந்த வயதில் நல்ல சினைப்பையும் அப்படித்தான் தெரியும். இவள் பன்னிரண்டு வயதில் பெரியவளானவள். ஏழு வருடம்தான் ஆகிறது. அந்தக் காகிதத்தை மடித்து வைக்கச் சொல்லிவிட்டேன். எனக்கு வேண்டியது காலண்டரும் முகமும்தான். பெரியவளாகி மூன்று வருடத்துக்குப் பிறகும் விலக்கு 35 நாளுக்கு மேல் தள்ளிப்போகிறதா? வருடத்தில் எட்டுத் தடவைக்கும் குறைவா? ஆண்ட்ரஜன் கூடியதற்கு அடையாளம் உடம்பிலோ இரத்தத்திலோ இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், அதேமாதிரி காட்டும் மற்ற நோய்களை ஒதுக்கிவிட்டு, பி.சி.ஓ.எஸ்., அதாவது இதுவரை சொன்ன இந்தச் சினைப்பைக் கோளாறு, என்று சொல்லலாம்.

முடியையும் கண்ணால் குத்துமதிப்பாகப் பார்ப்பதில்லை. 1961-இல் லண்டனில் ஃபெரிமனும் கால்வேயும் ஒரு கணக்கு போட்டார்கள். இப்போது அதைச் சுருக்கி, உடம்பில் ஒன்பது இடங்களுக்குப் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மதிப்பெண் போடுகிறோம். த்ரெட்டிங் செய்துவிட்டு வந்தால் அந்தக் கணக்கு தப்பிப்போகும் என்பதால், மருத்துவரிடம் போகும்போது எவ்வளவு நாளைக்கு ஒருமுறை எடுக்கிறோம் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுவது நல்லது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பதினாறு வயதில் நாலு பரு வந்தால் அது இன்சுலின் கோளாறு என்று கிளம்பிவிடக் கூடாது. அந்த வயதில் பரு வராத முகம்தான் அபூர்வம். வீட்டில் அத்தை, சித்தி எல்லாருக்கும் மீசை நிழலாடும், விலக்கு நாள் தவறாது, ஹார்மோனும் சரி என்றால் அது குடும்ப வாகு. இவை ஒன்றோடொன்று சேர்ந்து வந்தால்தான் சந்தேகம். மாறாக, சில மாதங்களுக்குள் முடி மளமளவென்று ஏறி, குரல் கட்டையாகி, தலை வழுக்கை விழுந்தால் தாமதிக்கவே கூடாது. சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

"அந்த க்ரீமைக் காட்டு" என்றேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நான் பயந்த மாதிரியேதான். பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் ஒரு ஸ்டீராய்டின் பெயர். முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும், பரு அமுங்கும். அதை நம்பி மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சிவக்கும், பரு இரட்டிப்பாகும், பூசிய இடத்தில் முடியும் வளரும். முகத்தில் முடி என்று வந்த பெண்ணின் முகத்தில் முடி வளர்க்கும் மருந்தை யாரோ சீட்டில்லாமல் விற்றிருக்கிறார்கள். நிறம் வெளுக்கவென்று விற்கிற க்ரீம்களிலும் இது ஒளிந்திருக்கும். வாங்கும்போது பெயர் 'சோன்' என்றோ 'சால்' என்றோ முடிகிறதா என்று பாருங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் இப்படி. வெகுநாள் பூசியிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, முகம் பொங்கிவிடும். மருத்துவர் துணையோடு இறக்க வேண்டும்.

த்ரெட்டிங் செய்வதால்தான் முடி கூடியது என்று மதினி பார்லர்காரம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தார். பாவம், அவர் மேல் தப்பில்லை. மழித்தால்கூட முடி தடிக்காது என்று மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் 1928-இலேயே அளந்து காட்டிவிட்டார். மழித்த முடியின் நுனி மொட்டையாக இருப்பதால் கையில் குத்துகிறது, அவ்வளவுதான். முடி கூடிக்கொண்டே போவதற்குக் காரணம், உள்ளே ஹார்மோன் தள்ளிக்கொண்டே இருப்பது. கஸ்தூரி மஞ்சளும் அந்த ஹார்மோனை எட்டாது. வாசனைக்குப் பூசிக்கொள்ளலாம்.

இனி என்ன செய்வது? சத்தத்தைக் குறைக்க வேண்டும், அதாவது இன்சுலினை. அதற்குச் சதைக்குக் காது கேட்கவைக்க வேண்டும். சதை வேலை செய்யும்போது, இன்சுலின் சொல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ள அதற்குத் தனி வழி உண்டு. காது கேட்காத தாத்தா வீட்டுக்கு ஆளே நேரில் போய்ச் சொல்வது போல. சாப்பிட்டவுடன் பதினைந்து நிமிடம் நடப்பதும், வாரத்தில் இரண்டு நாளாவது குடம் தூக்குகிற மாதிரி, படி ஏறுகிற மாதிரி சதைக்குப் பாரம் கொடுப்பதும் இதற்காகத்தான். எடை அதிகமுள்ளவர்களுக்கு அதில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே விலக்கு திரும்ப ஒழுங்காவதைப் பார்க்கிறோம். இவளைப் போல ஒல்லியானவளுக்கு எடையைக் குறை என்று சொல்வது கொடுமை. சதையைக் கூட்டு என்பதுதான் சரி.

சாப்பாட்டில் பட்டினி வேண்டாம். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தைப் பயறு, சுண்டல், கீரை, மீன், முட்டை நிரப்பட்டும். காய்கறியையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் எடுத்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். "நாங்க சீனியே போடுறதில்ல, கருப்பட்டிதான்" என்றார் மதினி. கருப்பட்டியும் பெரும்பாலும் அதே சர்க்கரைதான். மணமும் கொஞ்சம் தாதுக்களும் உண்டு, ஆனால் கணையத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கேழ்வரகைக் களியாகக் கிண்டினாலும் கூழாகக் கரைத்தாலும் சர்க்கரை வேகமாகவே ஏறும்.

இது வெறும் நம்பிக்கையால் சொல்வதில்லை. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை எல்லையில் நின்ற 531 பேரை இரண்டரை வருடம் பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டுமே, நீரிழிவாக மாறும் அபாயத்தை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் 26.4 சதவீதம். நம் சோறு, நம் தெரு, நம் மனிதர்கள்.

மருந்து தேவைப்பட்டால் அதில் தயங்கவும் வேண்டாம். விலக்கு ஒழுங்காவதற்கும் ஆண்ட்ரஜனை இறக்குவதற்கும் கர்ப்பத்தடை மாத்திரைதான் பலருக்கும் முதல் மருந்து. பேரைச் சொன்னதும் மதினி முகம் மாறிவிட்டது. "கல்யாணம் ஆகாத பிள்ளைக்கா?" மாத்திரையின் பேர் அது, வேலை வேறு. சினைப்பையை அமைதிப்படுத்தும், கல்லீரலில் கட்டுத்தறிகளைக் கூட்டும், அவிழ்ந்த மாடுகள் குறையும். இரத்தக் கட்டு வரலாறு, இரத்த அழுத்தம், சிலவகை ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் கேட்டுப் பார்த்துத்தான் கொடுப்போம். இன்சுலின் பக்கத்துக்கு மெட்ஃபார்மின். அது முடியை அவ்வளவாகக் குறைக்காது. முடிக்கு ஸ்பைரோனோலாக்டோன் உண்டு. ஆனால் கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ளபோது தடுப்பில்லாமல் எடுத்தால் வயிற்றிலுள்ள ஆண் சிசுவைப் பாதிக்கலாம். எதுவானாலும் ஆறு மாதம் பொறுக்க வேண்டும், ஏனென்றால் முகத்து முடி ஒரு சுற்று வளர்ந்து உதிரவே மாதங்கள் ஆகும். ஏற்கெனவே தடித்துப்போன வேர் முழுதாகப் பூனைமுடிக்குத் திரும்பாது. அதற்கு லேசர். நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசர் பாதுகாப்பானது. பல தடவை போகவேண்டும். உள்ளே ஹார்மோனைக் கட்டாமல் லேசருக்கு மட்டும் பணத்தைக் கொட்டினால் பக்கத்து வேர் முளைக்கும்.

மூன்று மாதத்துக்கு மேல் விலக்கு வராமல் விடக்கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொன்னேன். கருப்பையின் உள்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போனால் பின்னாளில் புற்றுக்குக்கூட வழியாகும். அதற்கு வரவழைக்கும் மாத்திரை இருக்கிறது. பிள்ளை பிறக்குமா என்று மதினி கேட்காமல் கேட்டார். பிறக்கும். சிலருக்குத் தானாகவே, சிலருக்கு முட்டை வெளிவர லெட்ரோசோல் போன்ற மாத்திரையின் உதவியோடு.

அவளிடம் தனியாகக் கேட்டேன், தூக்கம் எப்படி என்று. வகுப்பில் எழுந்து பேச வேண்டிய நாளிலெல்லாம் லீவு போட்டிருக்கிறாள். போட்டோவில் நிற்பதில்லை. தோழியின் அக்கா கல்யாணத்துக்கும் போகவில்லை. இந்த நோய் உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம். ஹார்மோன் அளவைக் கேட்கிற மருத்துவர் இதையும் கேட்க வேண்டும். நான் கேட்டதும் அழுதுவிட்டாள். டீ ஆறிப்போனது. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணிநேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை, டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, ப்ரோலாக்டின், அட்ரினல் கோளாறை ஒதுக்க 17-ஹைட்ராக்சி ப்ரோஜெஸ்டிரோன். இன்சுலின் அளவைத் தனியாகப் பார்க்கப் பணம் செலவழிக்க வேண்டாம், ஆளுக்கு ஆள், ஆய்வகத்துக்கு ஆய்வகம் அது மாறும். கழுத்தே அளவுகோல். இன்சுலின் இறங்க இறங்க, மாதங்கள் போகப் போகக் கருப்பு தானாக வெளிறும்.

டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போன மதினி வாசற்படியில் நின்றுவிட்டார். இடது கையால் தன் கழுத்தின் பின்னால் தடவிக்கொண்டே கேட்டார்: "எனக்கும் இந்த மரு இருக்கே... இவ பொறக்கதுக்கு ஆறு வருசம் கோயில் கோயிலா அலைஞ்சேனே, அதுவும் இதுதானா?"

பக்கத்தில் போய்ச் சேலைத் தலைப்பை விலக்கிப் பார்த்தேன். மடிப்பில் கருப்பு, ஐந்தாறு மருக்கள். இருபத்தைந்து வருடமாக ஒரே பந்தியில் சாப்பிடுகிற மதினி, நான் பார்த்ததில்லை.

"திங்கட்கிழமை நீங்களும் வாங்க மதினி. ஞாயித்துக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பெறவு ரெண்டு பேரும் ஒண்ணும் சாப்பிடாதீங்க. தண்ணி குடிக்கலாம்."